பெட்டியில் இருக்கும் டைனோசர் எந்த ஆண்டுக்குரியது?

புதிய டைனோசர் உருவம் ஒன்றின் முதல் படம் வெளியானதுமே சேகரிப்பாளர்கள் அதை அங்குலம் அங்குலமாக ஆராயத் தொடங்கிவிடுவார்கள். உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உதடு இருக்கிறதா, வாலின் அடி போதுமான அளவு தடித்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இதற்கு மேல் ஒரு டி. ரெக்ஸ் வரப்போவதில்லை என்பார் ஒருவர். முன்காலில் ஒரு நகம் கூடுதல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார் இன்னொருவர். ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று காசு எடுத்து வைத்திருப்பவர் யார் பேச்சைக் கேட்பது?

இருவர் பேச்சையும் கேட்கலாம். ஆனால் அவர்கள் எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். எலும்பு கிடைத்திருக்கும் இடத்தில் பிழை என்றால் அது பிழைதான், சமாதானம் கிடையாது. தசை, தோல், உதடு, நிறம் ஆகியவற்றில் எப்போதும் ஊகம் கலந்திருக்கும்; அங்கே சிற்பிக்குக் கொஞ்சம் இடம் விடலாம். பெட்டியில் ‘அறிவியல்படி துல்லியமானது’ என்று அச்சடித்திருக்கும் வாசகம் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அதைவிட, பொம்மையின் வயிற்றிலோ பாதத்திலோ பொடி எழுத்தில் பொறித்திருக்கும் ஆண்டு நமக்கு அதிகம் சொல்லும்.

முதலில் எலும்பு. இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்களின் முன்கை எலும்புகள், உள்ளங்கையைத் தரை நோக்கித் திருப்ப விடாதவை. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருந்திருக்கும். 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படமோ, மணிக்கட்டைத் தொங்கவிட்டு வரும் வெலாசிராப்டரை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. பிரான்சின் பாப்போ நிறுவனத்துப் பழைய வெலாசிராப்டர் அந்தப் படத்தின் பிள்ளை. தோல் மடிப்பு, கண், வண்ணப்பூச்சு எல்லாம் அசர வைக்கும். ஆனால் கையும் தவறு, உடலில் ஓர் இறகும் இல்லை. வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்தியிருந்த முண்டுகளை 2007இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பாப்போவை வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு சினிமா விலங்கின் அழகான சிலை என்று தெரிந்து வாங்குங்கள்.

நீள்கழுத்து டைனோசர் என்றால் முன்பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கை எலும்புகள் செங்குத்தாக அரைவட்டத்தில் நின்று ஒரு தூணாக அமைந்தவை; பாதத்தின் தடம் லாட வடிவில் விழும். பெருவிரலில் மட்டும் ஒரு நகம் இருக்கும். நீள்கழுத்து இனத்தின் ஒரு பிரிவான டைட்டனோசர்கள் பலவற்றில் அதுவும் கிடையாது. யானைக்கு இருப்பதுபோல வரிசையாக நகம் வைத்திருந்தால், சிற்பி எலும்பைப் பார்க்காமல் யானையைப் பார்த்திருக்கிறார். டிரைசெராடாப்ஸுக்கு முன்காலில் ஐந்து விரல். குளம்பு உள்பக்கத்து மூன்றில் மட்டும். இந்தச் சோதனைகளுக்கு அரை நிமிடம் போதும். கடைகளில் குவிந்திருக்கும் மலிவு ரகங்களில் பாதிக்கு மேல் இதிலேயே விழுந்துவிடும்.

தசை விஷயத்தில் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய உருவங்கள் எலும்பும் தோலுமாக இருக்கும். மண்டையோட்டின் ஒவ்வொரு துளையும் முகத்தில் குழிவிழுந்து தெரியும். உயிரோடிருக்கும் எந்தப் பல்லிக்கும் பறவைக்கும் அப்படித் தெரிவதில்லை. ஜான் கான்வே, கோஸ்மன், டேரன் நெய்ஷ் ஆகியோர் 2012இல் கொண்டுவந்த ‘ஆல் யெஸ்டர்டேஸ்’ என்ற நூல் இந்தப் பழக்கத்தை நன்றாகவே கிண்டலடித்தது. அதன் பிறகு சிற்பிகளும் சதை போடத் தொடங்கினார்கள். வாலை மட்டும் தனியே கவனியுங்கள். தொடையைப் பின்னுக்கு இழுக்கும் பெரிய தசை வாலின் அடியில்தான் ஒட்டியிருந்தது. அந்த இடம் குச்சியாக இருந்தால் அந்த விலங்கு நடந்திருக்க முடியாது.

டி. ரெக்ஸ் வாங்குபவர்களுக்கு இரண்டு சச்சரவுகள் காத்திருக்கின்றன. ஒன்று இறகு. ஒன்பது மீட்டர் நீளமுள்ள யூடிராணஸ் என்ற இறகு போர்த்திய உறவுக்காரர் 2012இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்டதும், டி. ரெக்ஸும் அப்படித்தான் இருந்திருக்கும் என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் 2017இல் இறகுள்ள டி. ரெக்ஸைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு, டி. ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளிலிருந்து செதில் தோல் பதிவுகளை விவரித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. பாவம், அந்தப் பொம்மை கடைக்கு வந்த ஆண்டிலேயே கிழடு தட்டிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிடைத்த தோல் துண்டுகள் சிறியவை. முதுகில் கொஞ்சம் இழை இறகு இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவை சொல்வதில்லை. 2012 முதல் 2017 வரை ஆய்வாளர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அலமாரியில் வேறு கிடைக்காது. ஆனால் முதல் டி. ரெக்ஸாக, ஒரே டி. ரெக்ஸாக இன்று வாங்குவதென்றால் செதில் உடம்பையே எடுப்பேன். சீனாவின் பிஎன்எஸ்ஓ நிறுவனம் தன் உருவங்களுக்கு ஆள்பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. அவர்களுடைய ‘வில்சன்’ என்ற டி. ரெக்ஸ் அந்தக் கூட்டத்தில் நல்ல தேர்வு.

இரண்டாவது உதடு. வாய் மூடியிருக்கும்போதும் பல் வெளியே தெரிய வேண்டுமா? 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, டைனோசர் பல்லின் எனாமல் தேய்மானத்தை முதலையோடு ஒப்பிட்டது. பல்லின் அளவை உடும்புகளோடு ஒப்பிட்டது. உதடு பல்லை மூடியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது முடிவு. எல்லோரும் ஏற்கவில்லை என்றாலும் காற்று இப்போது அந்தப் பக்கம்தான் வீசுகிறது. தாடை அசையும் உருவம் என்றால் மூடிப் பாருங்கள். திறந்த வாயோடு வார்த்த பொம்மைகளில் இதை மழுப்பிவிடுவது எளிது.

பொம்மையில் ஆண்டு எவ்வளவு முக்கியம் என்று காட்ட ஸ்பைனோசாரஸைப்போல வேறொன்று இல்லை. எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் பெயரிட்டார். 1944 ஏப்ரலில் மியூனிக் மீது விழுந்த குண்டுகளில் அந்த எலும்புகள் அழிந்தன. மிச்சம் இருந்தது படங்களும் குறிப்புகளும்தான். அதனால் நெடுங்காலம் இந்த விலங்குக்கு மற்ற ஊனுண்ணிகளின் காலையும் வாலையும் கடன் வாங்கி ஒட்டினார்கள். 2001இல் ‘ஜுராசிக் பார்க்’ மூன்றாம் படத்தில் டி. ரெக்ஸை வீழ்த்தியது இந்த நெட்டைக்கால் ஸ்பைனோசாரஸ்தான். 2014இல் நிசார் இப்ராஹிம் குழுவினர் மொராக்கோவில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, பின்கால் மிகக் குட்டை, ஒருவேளை நான்கு காலில் நடந்திருக்கும் என்றார்கள். 2018இல் டொனால்ட் ஹெண்டர்சன் கணக்கிட்டு, எடையின் மையம் இடுப்புக்கு அருகில்தான் இருக்கிறது, இரண்டு கால் போதும் என்றார். 2020இல் வால் கிடைத்தது: துடுப்பைப் போல உயர்ந்த, தட்டையான வால். அது எவ்வளவு நன்றாக நீந்தியது, கரையில் நின்று மீன் பிடித்ததா என்ற வாதம் 2022இல் பால் செரினோ குழுவினரின் மறுப்புக்குப் பிறகும் ஓயவில்லை.

இதையெல்லாம் பொம்மைக்கு மொழிபெயர்த்தால்: நெட்டைக்காலும் ஒல்லி வாலும் என்றால் 2014க்கு முந்தையது. குட்டைக்கால், சாதாரண வால், நான்கு காலில் ஊர்வது என்றால் 2014க்கும் 2020க்கும் இடைப்பட்டது. குட்டைக்கால், துடுப்பு வால், இரண்டு காலில் நிற்பது என்றால் இன்றைய எலும்புக் கணக்குக்கு மிக நெருக்கம். பிஎன்எஸ்ஓவின் ஸ்பைனோசாரஸ் இந்த வகை. நீந்துவதுபோல வார்த்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அது இன்னும் தீராத வழக்கு. இடைக்கால உருவம் ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதையும் வாங்கி அருகில் வைக்கலாம். மூன்றையும் வரிசையாக வைத்திருக்கும் அலமாரி, எனக்கு இருபது டி. ரெக்ஸ் நிற்கும் அலமாரியைவிடச் சுவையானது.

எதிர்ப்பக்கத்தில், எலும்பே போதாத விலங்குகள் இருக்கின்றன. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து, 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட புருகத்காயோசாரஸ் அப்படிப்பட்டது. முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தி, பிறகு பிரம்மாண்ட நீள்கழுத்து இனமாக மாற்றினார்கள். எலும்புகளும் சிதைந்து போய்விட்டன. நம்மூர்க்காரர் என்ற பாசத்தில் யாராவது அதற்கு உருவம் செய்து ‘துல்லியம்’ என்று விற்றால், நான் பாசத்துக்காக வாங்குவேன், துல்லியத்துக்காக அல்ல.

நிற்பது ஒரு பெரிய பிரச்சினை. சரியான விகிதத்தில் செய்த இரண்டுகால் டைனோசர் பிவிசியில் நிற்காது. வெயில் காலத்தில் கணுக்கால் மெல்ல வளைந்து ஒரு நாள் முகம் குப்புற விழும். ஜெர்மனியின் ஷ்லைக் பாதத்தைப் பெரிதாக்கிச் சமாளிக்கிறது. பழைய உருவங்கள் வாலைத் தரையில் ஊன்றி முக்காலியாக நின்றன. பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தின் ஒப்புதலோடு சஃபாரி 1988 முதல் 2015 வரை விற்ற கார்னகி வரிசையில் அப்படிச் சில உண்டு. பிஎன்எஸ்ஓ கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாங்கி தருகிறது. தாங்கி அழகைக் கெடுக்கிறது என்பவர்கள் பலர். எனக்கோ பெரிய பாதத்தைவிடத் தாங்கியே மேல், வேண்டாதபோது எடுத்துவிடலாமே. குழந்தை கையில் கொடுப்பதென்றால் மட்டும் ஷ்லைக்கின் பெரிய பாதம் நியாயமானது. தாங்கி ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

அளவும் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் 1:35, 1:40 என்ற விகிதத்தில் செய்கின்றன. சிகாகோவில் இருக்கும் ‘சூ’ என்ற டி. ரெக்ஸ் 12.3 மீட்டர், 1:35இல் சுமார் 35 சென்டிமீட்டர், மேசையில் நன்றாக அமரும். இரண்டு மீட்டர் சிட்டாகோசாரஸோ ஆறு சென்டிமீட்டரைத் தொடாது. 37 மீட்டர் படகோடைட்டன் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், அதற்குத் தனி அறை வேண்டும். சிறிய இறகு டைனோசர்கள் பிடித்தவர்கள் டேவிட் சில்வாவின் ‘பீஸ்ட்ஸ் ஆஃப் தி மெசோசோயிக்’ வரிசையைப் பார்க்கலாம். 1:6 அளவு, ஏராளமான மூட்டுகள். மூட்டுக் கோடுகள் தெரியும் என்பதுதான் குறை.

நிறத்துக்காகச் சண்டை போடாதீர்கள். டி. ரெக்ஸ் என்ன நிறம் என்று சொல்ல இன்று சான்று இல்லை. நிறத்திலும் ஆதாரம் வேண்டும் என்றால் செம்பழுப்பு, வெள்ளை வளைய வாலுள்ள சைனோசாராப்டெரிக்ஸையோ, 2016இல் மேலே அடர்த்தியும் வயிற்றில் வெளிறலுமாக நிறம் மீட்கப்பட்ட சிட்டாகோசாரஸையோ தேடுங்கள்.

குறைந்த செலவில் அதிக நேர்மை வேண்டும் என்றால் சஃபாரியும் கலெக்டா நிறுவனமும். யாரும் கேள்விப்படாத இனங்கள் வேண்டும் என்றால் கலெக்டாவே முதலில். ஒரே சிற்பத்தைக் கூடுதல் நுணுக்கத்தோடு விரும்பினால் பிஎன்எஸ்ஓ. அதைவிட மலிவாக, ஒரே வார்ப்பை இரண்டு நிறங்களில் தரும் சீன நிறுவனம் ஹாவ்லாங்குட், கொம்புள்ள டைனோசர்களுக்கு நல்லது. ஸ்பெயினின் இயோஃபானா குறைவாகத்தான் வெளியிடும். ஆனால் அவர்களுடைய ஜிகனோடோசாரஸும் அட்லசாரஸும் எலும்பை அளந்து செய்தவை என்று பார்த்தவுடனே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல் என்றால் நான் ஜிகனோடோசாரஸைச் சொல்வேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் விலையை இரண்டு முறை பார்க்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 60 விழுக்காடாகவும் 2023இல் 70 விழுக்காடாகவும் ஏறியது. 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அதனால் வெளிநாட்டுக் கடைப் பக்கத்தில் தெரியும் விலை வீட்டு வாசலில் நிற்கும் விலை அல்ல. வந்து சேர்ந்ததும் முதலில் காலைப் பாருங்கள். பெட்டிக்குள் வளைந்திருந்தால் வெந்நீரில் அந்தக் காலை மட்டும் சற்று நேரம் மூழ்கவைத்து, இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் விடுங்கள். வண்ணம் போகாது. ஏப்ரல், மே மாதங்களில் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.