மோட்டார் சைக்கிள் கியருக்கு எந்த ஆயில்?

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



"ஆயில்னா ஆயில்தானே, இதுல என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அப்பா பால் ஊற்றுபவர். பைக்கின் இரு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஆயில் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடையில் விலை கூடின கார் ஆயிலைப் பார்த்து, இது நல்லதாகத்தான் இருக்கும் என்று வாங்கினேன். "படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

ஒரு மாதத்துக்குள் மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி ஏறவில்லை. ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருந்த கிளட்ச் பிளேட் வழுக்கிக் கருகிவிட்டது. பால் நேரத்துக்குப் போகாததால் இரண்டு வாடிக்கை வீடுகள் போயின. என் பரீட்சை ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் பிளேட்டுக்குப் போனது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதன் பிறகு தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

1. ஆயில் எங்கே போகிறது?

பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே சட்டிக் குழம்பு மாதிரி! கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்யும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி அப்படியல்ல. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100-ல் 2டி ஆயில் பெட்ரோலோடு எரிந்துவிடும். கியருக்கும் கிளட்சுக்கும் தனி ஆயில். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இன்ஜின், பிரைமரி செயின், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி அறை. இப்போதைய கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனையாது; பின்சக்கரத்துப் பல்சக்கரங்களுக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு.

2. கார் ஆயில் ஏன் கூடாது?

பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் உராய்வு குறைய வேண்டும். கிளட்சுக்கோ உராய்வுதான் உயிர். பல கார் ஆயில்களில் எரிபொருள் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது பிளேட்டில் படிந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் பிளேட் கருகும்.

இதற்காகவே ஜப்பானியர் 1998-ல் ஜாசோ என்ற தரத்தைப் பைக் ஆயிலுக்குக் கொண்டுவந்தார்கள். எம்.ஏ. என்றால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. எம்.ஏ.2 இன்னும் பிடிப்பு கூடியது. எம்.பி. உராய்வு குறைந்தது, ஸ்கூட்டருக்குச் சரி, கியர் பைக்குக்கு வேண்டாம்.

3. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

10டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஓடும் தன்மையையும், இரண்டாவது எண் சூட்டில் உள்ள கெட்டித்தன்மையையும் காட்டும். ஆனால் 90 நம்பர் கியர் ஆயில், 40 நம்பர் இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பது தவறு. இரண்டுக்கும் அளவுகோலே வேறு. 100 டிகிரி செல்சியஸில் 90 நம்பர் கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 நம்பர் இன்ஜின் ஆயிலின் கெட்டிதான். ஒன்று அங்குலக் கணக்கு, மற்றது சென்டிமீட்டர் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதேபோல், தனி கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.-4 என்று புத்தகம் சொன்னால், 5 பெரிசு என்று ஜி.எல்.-5 வாங்காதீர்கள். அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சில வகை வெண்கல புஷ்களை அரிக்கக்கூடும்.

4. நினைவில் வையுங்கள்

* விலையைப் பார்க்காமல் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.
* இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது பழைய ஆயிலை வடியுங்கள். அதில் இரும்புத் துணுக்கு வந்தால் கியரைச் சோதிக்க வேண்டும்.
* வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள். சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும்.
* கியர் விழக் கடினமாக இருந்தால், ஆயிலைக் குறை சொல்லும் முன் கிளட்ச் கேபிளைச் சரிபாருங்கள்.
* கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எம்.ஏ. என்ற அந்த இரண்டு எழுத்தை இப்போது அடையாளம் வைத்திருக்கிறார். "நீ டிப்ளமாதான்டா படிக்கிற, ஆயில் எம்.ஏ. முடிச்சிருக்கு!" என்று கடையிலேயே சிரிக்கிறார்.

நண்பர்களே, நம் படிப்பை நம்பி வீட்டில் ஒருவர் வண்டி ஓட்டுகிறார். ஊற்றுவதற்கு முன் டப்பாவைப் படிப்போம்!