நுரை குறைந்தால் தண்ணீர் மிஞ்சும்

கேள்வி: போர் தண்ணீர் ஒரே உப்பு. கோடையில் லாரித் தண்ணீர்தான். ஃப்ரன்ட் லோடு மெஷினில் 60 டிகிரி வைத்து வாரம் நாலு தடவை துவைக்கிறேன். நுரை போகவில்லையே என்று மேலும் இரண்டு முறை அலச விடுகிறேன். கரண்ட் பில்லையும் தண்ணீர்ச் செலவையும் எப்படிக் குறைப்பது?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: எந்தப் பவுடர் போடுகிறீர்கள் அம்மா? விலை குறைவு என்று கையால் துவைக்கிற பவுடரை மெஷினில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது பொங்கிப் பொங்கி நுரைக்கும். ஃப்ரன்ட் லோடில் துணி மேலே போய் விழுந்து அடிபட்டால்தான் அழுக்கு போகும். நுரை மெத்தை மாதிரி நடுவில் நின்றால் அந்த அடியே விழாது. நுரை அதிகமானால் தானாகவே கூடுதலாக அலசும் மெஷின்களும் உண்டு. அழுக்கும் போகாமல் தண்ணீரும் போகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். துவைத்து உலர்ந்த துணியைப் பவுடரே போடாமல் மெஷினில் ஓட விடுங்கள். கண்ணாடியில் நுரை தெரிந்தால், இத்தனை நாள் போட்ட பவுடர் துணியிலேயே தங்கியிருக்கிறது. ஃப்ரன்ட் லோடுக்கென்றே வரும், நுரை குறைந்த பவுடருக்கு மாறுங்கள். உப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேண்டும். அதற்கும் பாக்கெட்டில் அளவு போட்டிருப்பார்கள். கண் அளவு வேண்டாம். அதன்பின் அந்த இரண்டு அலசலை நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது சூடு. சுமார் 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். இரண்டு மாத பில்லில் இது ஏறக்குறைய 19 யூனிட். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் வருஷத்தில் பாதி நாள் 30 டிகிரியைத் தொட்டபடிதான் வருகிறது. அன்றாடத் துணிக்கு அதுவே போதும். ரத்தம், பால், முட்டைக் கறையெல்லாம் சூட்டில் இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 60 டிகிரியை நோயாளியின் படுக்கை விரிப்புக்கும் குழந்தையின் துணி நாப்கினுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி டிரம்முக்கு மெஷினை ஓட்டாதீர்கள். துணிக்கு மேலே ஒரு கை நுழைய இடம் விட்டு நிரப்பினால் வாரம் நாலு தடவை மூன்றாகலாம். டிரையர் நமக்கு எதற்கு? மொட்டை மாடி வெயில் இருக்கிறது.

வடிகுழாயைக் கடைசி அலசலின்போது வாளிக்குள் விடுங்கள். பாத்ரூம் கழுவவும் டாய்லெட்டில் ஊற்றவும் ஆகும். முதலில் வரும் சோப்புத் தண்ணீரை மட்டும் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம். அதிலுள்ள சோடியம் உப்பு மண்ணில் தங்கி, நாளாக நாளாகச் செடி இலை கருகும்.