சென்னை – சிங்கப்பூர்: நோயாளிக்கான பயண நேரக் கணக்கு

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பவிருக்கும் நோயாளிகளும் அவர்களுடன் செல்வோரும் கேட்கும் முதற்கேள்வி, "விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்பதே. மருந்து உட்கொள்ளும் வேளையும் பயணத்திற்கான முன்னேற்பாடுகளும் இதற்கான விடையைச் சார்ந்துள்ளன. சென்னை – சிங்கப்பூர் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை அறிவோம்.

தொலைவும் பறக்கும் நேரமும்

இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரம் போதுமெனத் தோன்றும். எனினும் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் வேகம் குறைவதால், நேரடி விமானம் நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

பயணச்சீட்டு காட்டும் நேரம்

பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இரவு 11.00 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு, நான்கே கால் மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கு காலை 5.45 ஆகியிருக்கும். மறுவழியில் இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டால், சென்னையில் 9.45 மணிக்கே இறங்குவதாகச் சீட்டு காட்டும்.

மருந்து வேளை

பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மருந்து உட்கொள்பவர், சென்னையில் இரவு 8 மணிக்கு ஒரு வேளையும் சிங்கப்பூரில் காலை 8 மணிக்கு மறு வேளையும் எடுத்தால், இடைவெளி ஒன்பதரை மணி நேரமே. திரும்பும்போது அதுவே பதினான்கரை மணி நேரமாக நீளும். இன்சுலின், வலிப்பு நோய் மருந்து, இரத்த உறைவுத் தடுப்பு மருந்து ஆகியவற்றின் வேளைகளைப் பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல் உணரும் நேரம்

வீட்டிலிருந்து விமான நிலையம் செல்ல ஒரு மணி, அங்கே காத்திருக்க மூன்று மணி, பறக்க நான்கே கால் மணி, இறங்கிய பின் ஒரு மணி எனக் கூட்டினால் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். இந்நேரத்தின் பெரும்பகுதி அமர்ந்தே கழிகிறது. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்திருப்போருக்குக் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோருக்கும் புற்றுநோய் உள்ளோருக்கும் இது மேலும் அதிகம்.

விமானத்தினுள் காற்றழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பானது. அங்கு ஆக்சிஜன் குறையும். உடலினுள் அடைபட்ட வாயு விரிவடையும். எனவே நுரையீரல் நோய் உள்ளோரும், மார்பு அல்லது வயிற்று அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவர் இசைவின்றிப் பறத்தல் கூடாது. கண்ணுள் வாயு செலுத்தப்பட்டோர், அது முற்றிலும் கரையும்வரை பறக்கவே கூடாது.

புறப்படுமுன்

• மருந்துகளையும் மருந்துச்சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள்.
• சக்கர நாற்காலி, ஆக்சிஜன் தேவையெனில் விமான நிறுவனத்திடம் முன்னரே தெரிவியுங்கள்.
• சில வலி நிவாரணிகளையும் தூக்க மாத்திரைகளையும் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்ல, அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்னனுமதி வேண்டும்.
• பயணத்தில் தண்ணீர் அருந்துங்கள். கணுக்கால்களை அடிக்கடி அசையுங்கள். இயன்றபோது எழுந்து நடங்கள்.
• பயணத்திற்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ தாமதமின்றி மருத்துவமனையை அணுகுங்கள்.

பயணச்சீட்டை உறுதிசெய்யுமுன் உங்கள் மருத்துவரிடம் பயண நாளையும் மொத்தப் பயண நேரத்தையும் கூறி, அவரது ஒப்புதலைப் பெறுவது நலம்.