தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

உலகப் போர்க் காலத்துக் கைத்துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கிள்ளானிலும் சரி, பிரிக்பீல்ட்ஸிலும் சரி, ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "அது ஜப்பான்காரன் காலத்துச் சாமான், அதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம்." சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர், பழம்பொருள்மீது ஆசை உள்ளவர். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை நம்பினால் வாழ்க்கையே தடம் புரளும்.

மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பிறந்த ஆண்டைப் பார்த்துச் சலுகை தருவதில்லை. குண்டு வெளியேறக்கூடிய குழல் உள்ள ஆயுதமா என்பதே அதன் கேள்வி. ஆயுதத்தின் பாகங்களும் அதன் வரையறைக்குள் அடங்கும். உரிமமின்றி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைவிடக் கடுமையானது 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதன்படி 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம். பழம்பொருள் சேர்ப்பவர்கள் முக்கியமாக மனத்தில் பதிக்க வேண்டிய விதி ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருந்தது நிரூபணமானால், அவர் துப்பாக்கி கடத்துபவர் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அந்தக் குற்றத்திற்குத் தண்டனை 2023 வரை மரணம் வரை போனது, இப்போதும் நீண்ட காலச் சிறை உண்டு. அமெரிக்கச் சேகரிப்பாளர் பெருமையாகச் சுவரில் மாட்டும் மூன்று பிஸ்டல்கள் இங்கே ஒருவரை நீண்ட காலச் சிறைக்குள் தள்ளக்கூடியவை.

"வெள்ளைக்காரன் நாட்டில் அனுமதிக்கிறார்களே" என்று கேட்பார்கள். அங்கேயும் கோடு வேறு இடத்தில்தான் விழுகிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பழம்பொருள் என்று ஒப்புக்கொள்வது 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிகளை. இரண்டு உலகப் போர்களுக்காகவும் தயாரான ஆயுதங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கின்றன. பிரிட்டன் 1997-இல் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை போட்டபோது வரலாற்று ஆர்வலர்களுக்காக விட்டுவைத்த வழியில்கூட 1919-க்கு முன் செய்தவை என்ற நிபந்தனை உண்டு, சான்றிதழும் வேண்டும்.

"துரு ஏறிவிட்டது, குழலை அடைத்தாகிவிட்டது, இனி அது வெறும் இரும்பு." இதையும் நம்ப வேண்டாம். வெறும் இரும்பா, ஆயுதமா என்று தீர்மானிப்பது வைத்திருப்பவர் அல்லர். காவல் துறையின் ஆய்வும் நீதிமன்றமும்தான். அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகூட ஆயுதச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் வாங்கிய ஜெர்மானிய லூகர் பிஸ்டலின் பொம்மை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வழக்காகிவிடலாம்.

பழைய தோட்டாக்கள் செத்துப்போயிருக்கும் என்பது இவற்றிலெல்லாம் ஆபத்தான நம்பிக்கை. எண்பது ஆண்டு கழிந்த தோட்டாவும் வெடிக்கக்கூடும். எப்போது, எப்படி வெடிக்கும் என்பதைத்தான் ஊகிக்க முடியாது. கையெறி குண்டு என்றால் சொல்லவே வேண்டாம்.

இனி துப்பாக்கியின் அடையாளம் குறித்த நம்பிக்கைகள். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கும் இவை பயன்படும்.

ஜப்பானியப் படை அதிகமாகப் பயன்படுத்திய நம்பு 14-ஆம் வகைப் பிஸ்டலில் 18.6, 19.4 என்பது போன்ற எண்களைக் காணலாம். அதை 1918, 1919 என்று படித்து, முதல் உலகப் போர்த் துப்பாக்கி என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அந்த எண் பேரரசர் ஹிரோஹித்தோவின் ஷோவா ஆட்சியாண்டும் மாதமும் ஆகும். 1925-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். எனவே 19.4 என்றால் 1944 ஏப்ரல். கோலாலம்பூர் 1942 ஜனவரி 11-ஆம் தேதியே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. ஆகவே அப்படிப்பட்ட துப்பாக்கி படையெடுப்போடு வந்ததாக இருக்க முடியாது, ஆக்கிரமிப்பின் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்தது. ஒரு குடும்பக் கதை உண்மையா என்று சோதிக்க இந்த ஒரு கூட்டல் கணக்கே போதும். 14 என்ற வகை எண்ணும் அவருக்கு முந்தைய பேரரசரின் தைஷோ ஆட்சியின் 14-ஆம் ஆண்டைக் குறிப்பதுதான், அதாவது 1925.

பேரரசரின் செவ்வந்திப் பூ முத்திரை இல்லையென்றால் போலி என்பார்கள். அந்த முத்திரை பொறித்தது அரிசாக்கா ரைஃபிள்களில். நம்பு பிஸ்டல்களில் பொதுவாக அது கிடையாது. அங்கே இருப்பவை ஆயுதத் தொழிற்சாலைகளின் குறிகள். அதேபோல, ஜப்பானிய எழுத்து இல்லாததால் அது ஜப்பானியருடையது அல்ல என்றும் முடிவு கட்டக் கூடாது. ஜப்பானிய அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பலர் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்கை விரும்பி வாங்கினார்கள்.

நம்பு, லூகரின் நகல் என்பதும் கண்ணை மட்டும் நம்பிச் சொல்வது. பிடியின் சாய்வும் ஒல்லியான குழலும் ஒத்துப்போகும். உள்ளே லூகர் முழங்கால் போல மடங்கும் மூட்டினால் இயங்குகிறது, நம்புவின் பூட்டு வேறு அமைப்பு.

94-ஆம் வகைப் பிஸ்டலுக்குத் 'தற்கொலைத் துப்பாக்கி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சரணடைவதுபோல் நீட்டி எதிரியைச் சுடவே அப்படிச் செய்தார்கள் என்ற கதையும் கூடவே திரிகிறது. கதை பொய், குறை மெய். அதன் பக்கவாட்டில் ஒரு நெம்புத் தகடு வெளியே தெரியும். குண்டு ஏற்றிய நிலையில் அதை அழுத்தினால், விசையைத் தொடாமலேயே சுட்டுவிடக்கூடும். மோசமான வடிவமைப்பு, அவ்வளவுதான். சூழ்ச்சி எதுவும் இல்லை.

"இது நேதாஜி படைத் துப்பாக்கி." நம்மவர் நெஞ்சுக்கு நெருக்கமான நம்பிக்கை என்பதால் இதைக் கவனமாகவே தொடுகிறேன். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருமளவில் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அது நம் பெருமை. ஆனால் அந்தப் படைக்கென்று தனி முத்திரையோடு துப்பாக்கி எதுவும் தயாராகவில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் ஆயுதங்களே பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. எனவே ஒரு வெப்லி அல்லது என்ஃபீல்டு ரிவால்வரை மட்டும் பார்த்து, அது பிரிட்டிஷ் அதிகாரியிடம் இருந்ததா, நம் வீரரிடம் இருந்ததா, காட்டுக்குள் போராடிய கொரில்லாவிடம் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கடிதமோ, புகைப்படமோ, படைப்பிரிவுச் சீட்டோ இருந்தால்தான் இரும்புக்கு வரலாறு ஒட்டும். வியாபாரி வாயால் சொல்லும் கதைக்கு மதிப்பில்லை.

ஜப்பான் சரணடைந்த பிறகு, அந்தக் காட்டுக் கொரில்லாக்களின் மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படை 1945 டிசம்பரில் கலைந்தது. ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்குத் தலைக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். எல்லா ஆயுதமும் திரும்பவில்லை, ஒரு பகுதி காட்டில் புதைந்தது. 1948-இல் அவசர காலம் பிறந்தபோது, உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவதற்கு மரண தண்டனை என்று விதி வந்தது. "சட்டத்தின் இந்தக் கடுமை நேற்று முளைத்தது" என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த எஸ்.ஏ. கணபதி இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். 1949-இல் ராவாங் வட்டாரத்தில் ரிவால்வர் வைத்திருந்ததாகக் கைதானார். இந்திய அரசு உயிர்ப்பிச்சை கேட்டும் பயன் இல்லை. அதே ஆண்டு மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஜொகூரில் 1948 செப்டம்பரில் பிடிபட்ட சாம்பசிவம் என்ற தமிழரின் வழக்கு வேறு முடிவைக் கண்டது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து விடுபட்ட அவருக்கு, துப்பாக்கி ஏந்தியதற்காக மறுவிசாரணையில் மரண தண்டனை விழுந்தது. 1950-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. ஒரு குற்றச்சாட்டில் கிடைத்த விடுதலையை மற்றதன் விசாரணையில் மறுக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்பைப் பல நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாள்கின்றன. ஒருவர் மாண்டார், ஒருவர் பிழைத்தார். இருவர் கதையிலும் நடுவில் இருந்தது ஒரு துப்பாக்கி. இந்த மண்ணில் அந்தப் பொருளை வெறும் அலங்காரச் சாமானாக என்னால் பார்க்க முடியவில்லை.

"விற்றால் லட்சம் ரிங்கிட்" என்ற கனவுக்கு ஒரு வரி போதும். சட்டப்படி விற்க வழியில்லாத பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. விலை பேசிக்கொண்டு வருபவர் உங்களையும் குற்றத்தில் பங்காளியாக்குகிறார்.

ஆசை உள்ளவர்களுக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுகளைத் தேடலாம். பதக்கம், தபால்தலை, பழைய புகைப்படம் சேர்க்கலாம். துப்பாக்கிகளைப் பார்க்க வேண்டுமென்றால் கோலாலம்பூர் ஏரித் தோட்டத்துக்கு அருகில் அரச மலேசியக் காவல் துறை அருங்காட்சியகம் இருக்கிறது. போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் கரையேறிய மோரிப் கடற்கரை கிள்ளானிலிருந்து அதிகத் தொலைவில்லை, அங்கே நினைவுச் சின்னமும் உண்டு.

வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ அப்படி ஒன்று தென்பட்டால், தொடாதீர்கள். விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். காரில் வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் புறப்படாதீர்கள், ஆற்றிலும் வீசாதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கி, போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துச் செல்லும்போது போலீஸ் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பெட்டியில், எந்தக் கடிதங்களுக்கு நடுவில் கிடைத்தது, பெட்டி யாருடையது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதையெல்லாம் அன்றைக்கே எழுதி வையுங்கள். அந்தக் கடிதங்களை வைத்திருக்க உங்களுக்கு யாருடைய உரிமமும் தேவையில்லை. தேசிய ஆவணக் காப்பகம் அவற்றைப் பாதுகாக்க முன்வருமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.