தரமதிப்பீட்டு ஆய்வுக்குக் கிளம்பும் உனக்கு

கல்லூரிகளின் தரமதிப்பீடு பற்றிய ஆய்வில் சம்பளமில்லாமல் உதவப் போவதாகச் சொன்னாய், கண்ணு. நாக் குழு வருவதற்கு முன்னாலும் வந்துபோன பின்னாலும் கல்லூரிக்குள் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. முதலில் படி, பிறகு கேள். எல்லோரும் நாக் என்று சொல்லும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு 1994இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் பெங்களூரு. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டடமும் நூலகமும், மாணவர் நலன், நிர்வாகம், விழுமியங்கள் என ஏழு அளவுகோல்கள். கல்லூரி தன்னைப் பற்றித் தானே எழுதும் சுய ஆய்வறிக்கை பெரும்பாலும் அதன் இணையதளத்திலேயே கிடக்கும். அதைப் புரட்டாமல் போய், "இங்கே எத்தனை துறைகள் இருக்கின்றன?" என்று கேட்ட ஒரு பையனை முதல்வர் உபசரித்து அனுப்பிவைத்தார். அவனுக்கு டீ மட்டும்தான் கிடைத்தது.

2. நீ திருப்பூர்ப் பிள்ளை. ஆடிட் என்றால் என்னவென்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையர் ஆள் வருகிற அன்று பனியன் கம்பெனியில் தரை பளபளக்கும், முதலுதவிப் பெட்டி நிறையும், செக்கிங் அக்காமார் முகத்தில் மாஸ்க் ஏறும். மறுநாள் என்ன ஆகிறது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை 2012 ஆகஸ்டில் வேலைச்சூழலுக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வாங்கியது. அடுத்த மாதம் 11ஆம் தேதி அங்கே பிடித்த தீயில் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். சான்றிதழ்கள் எல்லாமே பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "நாக் குழு வந்தபோது எப்படி இருந்தது?" என்ற கேள்வியோடு நீ திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குழு போன அடுத்த பருவத்தில் எது நின்றுபோனது, எது தொடர்ந்தது என்று கேள். அந்தப் பதிலைத்தான் அறிக்கையில் பார்க்க முடியாது.

3. கல்லூரிக்குள் நாக் வேலைகளைக் கவனிக்கும் அகத்தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் பணிவாக இரு. பகலில் வகுப்பெடுத்துவிட்டு, இரவில் ஐந்தாண்டுக் காகிதங்களைத் தேடித் தேடி இணையத்தில் ஏற்றிய மனிதர் அவர். விடைத்தாள் திருத்தும் காலத்தில் போகாதே. ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடு.

4. மாணவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். 2017க்குப் பிறகு நாக் நடத்தும் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் தேர்வுசெய்து குறிக்கும் கேள்விகள்தான். ஷிப்மென்ட் நெருக்கத்தில் பனியன் கம்பெனியில் இரவு ஓவர்டைம் பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கிவிழும் பையனின் கதை அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. அதை அவன் உன்னிடம் சொல்ல வேண்டுமானால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு மாணவி பேசத் தொடங்கும் முன் என்னிடம் கேட்டாள்: "இத எங்க மேடத்துகிட்ட காட்டுவீங்களா?" காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பது சுலபம். பெயரை எடுத்துவிட்டு, "மூன்றாம் ஆண்டு, ஆடை வடிவமைப்பு, அவிநாசியிலிருந்து வரும் மாணவி" என்று எழுதினால், சின்ன வகுப்பில் யாரென்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஊரை எடு, ஆண்டை எடு. தேவையானால் துறையையும் எடு.

5. "நம்ம சுய ஆய்வறிக்கையையும் கொஞ்சம் எழுதிக் கொடேன்" என்று கல்லூரி கேட்டால் மறுத்துவிடு. நயமாகச் சொல், ஆனால் அன்றைக்கே சொல்லிவிடு.

6. திருட்டைப் பிடிக்கப் போகிறவர் போல் நுழையாதே. நல்ல தரநிலைக்காக லஞ்சம் என்ற வழக்கில் 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரை சிபிஐ கைது செய்தது உண்மை. அதைப் படித்த சூட்டில் எல்லாக் கல்லூரியையும் அதே கண்ணால் பார்த்தால், நடந்த நல்லது கண்ணில் படாது. குழு வருகிறதே என்று அவசரமாகக் கட்டிய சாய்தளத்தில் ஒரு பையன் சக்கர நாற்காலியில் தினமும் ஏறிப் போகிறான். யாருக்காகக் கட்டினார்கள் என்பது அவனுக்கு எதற்கு? கல்லூரி வாசலில் தொங்கும் ஏ பிளஸ் பிளஸ் தரநிலை ஃபிளெக்ஸை நான் பெரிதாக எண்ணுவதில்லை. அந்தச் சாய்தளத்தை எண்ணுகிறேன்.

7. காசு வாங்காத வேலைதானே என்று தள்ளிப்போடாதே. முடியாவிட்டால் முன்கூட்டியே சொல். பஸ் செலவு யாருடையது, கட்டுரையில் உன் பெயர் வருமா என்பதை முதல் நாளே கேட்டுவிடு. கேட்க வெட்கப்பட்டவர்கள் மனம் கசந்து பாதியில் விலகியதைப் பார்த்திருக்கிறேன்.

8. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடு. எந்த விதிமுறைப்படி அந்தக் கல்லூரி மதிப்பிடப்பட்டது என்பதையும் எழுது. 2017 மாற்றத்துக்குப் பின் நேரில் வரும் குழுவைவிட இணையத்தில் ஏற்றும் தரவுக்கே எடை கூடியது. பிறகு இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, படிப்படியான தரநிலைகளுக்குப் பதிலாகச் சான்று உண்டு அல்லது இல்லை என்ற முறையைப் பரிந்துரைத்தது. இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாக் கல்லூரிகளையும் ஒரே அட்டவணையில் அடுக்கினால், உன் வழிகாட்டி முதல் பார்வையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.