பூட்டிய பிறகு திறக்காத ஃபோன்

ஃபோனை ரூட் செய்யலாமா, அதாவது கம்பெனி பூட்டி வைத்திருக்கும் முழுக் கட்டுப்பாட்டையும் நாமே எடுத்துக்கொள்ளலாமா, என்று கேட்டால் எல்லோரும் முதலில் வாரண்டி போய்விடும் என்பார்கள். என் ஃபோனுக்கு வாரண்டி ஏற்கெனவே முடிந்திருந்தது. ரூட் செய்தபோதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ரூட்டை எடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று நினைத்த அன்றுதான் அது செத்தது. திரும்பி வரும் வழியில் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். எங்கள் தொழிலில் ஆர்டர் முழுக்க வாய்ப்பேச்சு. 2022 வைகாசியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஃபோனில் 350 இலை என்றார். பந்தி முடிந்தபோது 300 இலைதான் விழுந்திருந்தது. "முன்னூறுன்னுதானே சொன்னேன், நீங்க காதுல சரியா வாங்கலை" என்று இலைக்கு 140 வீதம் 7,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். நான் காதில் சரியாகத்தான் வாங்கினேன். இன்றும் சொல்வேன்.

பேச்சு ரெக்கார்டு ஆகியிருந்தால் அங்கேயே போட்டுக் காட்டியிருப்பேன். ஆனால் பிளே ஸ்டோர் ஆப்புகள் அழைப்பைப் பதிவு செய்யப் பயன்படுத்திய வழியை கூகுள் அந்த மே மாதம்தான் அடைத்திருந்தது. ஃபோனோடு வந்த ரெக்கார்டரோ, பொத்தானைத் தொட்டதும் இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று இருபக்கமும் கேட்கும்படி அறிவிக்கும். "எதுக்குங்க ரெக்கார்டு பண்றீங்க?" என்று இரண்டு பேர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். போதாததற்கு, அழிக்கவே முடியாத விளையாட்டு ஆப்புகள், செட்டிங்ஸைத் திறந்தாலும் விளம்பரம். 15,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஃபோனில் எனக்கு இந்த உரிமைகூட இல்லையா? ரூட் செய்ய ஆசைப்பட்டது தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை.

எப்படிச் செய்வது என்று விளக்கப் போவதில்லை. காட்டித்தர யூடியூப்பில் நூறு பேர் இருக்கிறார்கள். ஃபோன் எழும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் பூட்டைத் திறந்ததும் ஃபோனில் உள்ளதெல்லாம் அழியும். அது தெரிந்து முன்பே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு ஃபோனின் பில்டு எண்ணுக்குரிய பூட் இமேஜை, அதாவது ஃபோனை எழுப்பும் கோப்பை எடுத்து, ஜான் வூ உருவாக்கிய மேஜிஸ்க் என்ற ரூட் கருவியால் மாற்றி, கேபிள் வழியாக ஏற்றினோம். எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி உடனிருந்தான். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்தது.

ஆடியில் கல்யாணம் இருக்காது. ஆனால் ஆவணிக்கான அட்வான்ஸ் ஆடியில்தான் வரும். 11 ஆர்டர் பேசி முடித்தேன். ரூட் செய்த ஃபோனில் 11 பேச்சும் அறிவிப்பு இல்லாமல் தெளிவாகப் பதிவாகியிருந்தன. அந்தத் தைரியத்தில் நோட்டில் எழுதுவதையே விட்டேன்.

ஆடிக் கடைசியில் யூபிஐ ஆப் அப்டேட் ஆனது. அதுவரை ரூட்டை அதன் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தோம். இந்த முறை கண்டுபிடித்துவிட்டது, திறக்கவே மறுத்தது. அட்வான்ஸும் காய்கறிக் கடைப் பாக்கியும் ஃபோன் வழியாகத்தான் வந்து போகின்றன. ரூட்டை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து தம்பிக்கு ஃபோன் போட்டேன். "மேஜிஸ்க்கை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு பூட்லோடரை லாக் பண்ணுங்கண்ணே, அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

மற்ற ஆப்பை அழிப்பதுபோல மேஜிஸ்க் ஐகானை அழுத்திப் பிடித்து அன்இன்ஸ்டால் கொடுத்தேன். கேபிளைச் சொருகிப் பூட்டும் கட்டளையை அடித்தேன். உறுதியா என்று திரையில் கேட்டது. வால்யூம் பட்டனால் ஆம் என்பதற்கு நகர்த்தி பவர் பட்டனை அழுத்தினேன். ஃபோன் ஒருமுறை அதிர்ந்து அணைந்தது. மறுபடி எரிந்தபோது கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து: சாதனம் பழுதடைந்துள்ளது, இயக்க முடியாது. சில நொடியில் தானே அணைந்தது. இரவு இரண்டு மணிவரை அதே சிவப்பு எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஐகானாகத் தெரியும் மேஜிஸ்க் வெறும் கட்டுப்பாட்டுப் பலகை. அது செய்த மாற்றம் பூட் இமேஜுக்குள் இருக்கிறது; ஐகானை அழித்தால் அது போகாது. பூட்லோடர் திறந்திருக்கும்வரை ஃபோன் எச்சரித்துவிட்டு ஓடும். பூட்டிவிட்டாலோ, பூட் இமேஜில் தயாரித்த கம்பெனியின் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் நின்றுவிடும். மறுபடி திறக்க செட்டிங்ஸுக்குள் போய் அனுமதி கொடுக்க வேண்டும். ஃபோனே எழாதபோது செட்டிங்ஸுக்கு எங்கே போவது? சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய கதை. போதாக்குறைக்கு, திறக்கும்போது போலவே பூட்டும்போதும் எல்லாம் அழியும். ஆனியில் பேக்கப் எடுத்த நான் ஆடியில் எடுக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்ற 9,800 ரூபாய் கேட்டார்கள். அந்தப் பணத்தைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. 11 ஆர்டரில் ஒரு வீட்டில் ராத்திரி டிபனுக்கு வெங்காயம், பூண்டு கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எந்த வீடு என்று நினைவில்லை. நம்பர்களும் ஃபோனிலேயே இருந்ததால் போய்விட்டன. சிம்மைப் பழைய பட்டன் ஃபோனில் போட்டு, கூப்பிட்டவர்களிடமெல்லாம் ஆர்டரை முதலிலிருந்து கேட்டேன். ஒரு வீட்டில், "இதையே மறந்துட்டீங்கன்னா அன்னைக்கு என்ன சமைப்பீங்க?" என்று 5,000 அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இருபது வருடத் தொழிலில் எனக்கு அந்தப் பேச்சு வந்ததில்லை.

ஆகவே, யூபிஐயும் வங்கி ஆப்பும் இருக்கிற ஃபோனை ரூட் செய்யாதீர்கள். இன்று மறைத்தாலும் அடுத்த அப்டேட்டில் மாட்டும். சாம்சங் ஃபோன் என்றால் இன்னும் யோசியுங்கள். அதில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஒருமுறை உடைந்தால், பழைய சாஃப்ட்வேரை ஏற்றினாலும் திரும்பாது. வேண்டாத ஆப்பும் விளம்பரமும்தான் தொல்லை என்றால் ரூட்டே தேவையில்லை. யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கம்ப்யூட்டரிலிருந்து ஏடிபி கட்டளை ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலான ஆப்புகளை நம் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ்ஸில் விளம்பரம் தடுக்கும் முகவரியைப் போட்டால் பாதித் தொல்லை அடங்கும். இதை அந்தத் தம்பி எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஏற்கெனவே ரூட் செய்துவிட்டீர்களா? எடுப்பதானால் மேஜிஸ்க்குக்கு உள்ளே போய் முழுமையாக நீக்கும் வழியில் நீக்குங்கள். அதைவிட, கம்பெனி சாஃப்ட்வேர் முழுவதையும் மறுபடி ஏற்றுவது நல்லது. ஃபோன் ஒழுங்காக எழுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பேக்கப் எடுங்கள். பூட்டுவது அதற்குப் பிறகுதான்.

என் மகன் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஃபோன் ஒன்றைப் பிறகு நானே ரூட் செய்தேன்; யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஆர்டருக்கென்று தனி சிம், ரெக்கார்டர், வேறொன்றும் அதில் கிடையாது. யூபிஐ இன்னொரு ஃபோனில். மாற்றாத பூட் இமேஜ் இரண்டு பென்டிரைவில் இருக்கிறது. ஆர்டர் மறுபடி நோட்டில் ஏறுகிறது. அந்தப் பழைய ஃபோனின் பூட்லோடரை நான் பூட்டவில்லை. பூட்டப் போவதும் இல்லை.