மெய்நிகர் கணிப்பொறிகளை இழக்காமல் சர்வரை மீண்டும் நிறுவுதல்

ஒரே வீட்டில் நான்கு குடித்தனங்கள் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கிணறு ஒன்று, கூரை ஒன்று, அடுப்பு மட்டும் தனித்தனி. அதுபோலவே ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகளைக் குடிவைக்கலாம். இவற்றை மெய்நிகர் கணிப்பொறிகள் என்பர். 1972ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய இயந்திரங்களுக்கு வி.எம்./370 என்ற மென்பொருளை வெளியிட்டது. 2007இல் லினக்ஸின் கருவுக்குள் கே.வி.எம். என்னும் பகுதி சேர்ந்தபின் வீட்டு மேசைக் கணிப்பொறியிலும் இது எளிதாயிற்று. கே.வி.எம்.மைக் கொண்டு இயங்கும் பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருள் 2008இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. அதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

என்னுடையது பழைய இயந்திரம். பின்னலாடைக் கம்பெனியில் வேலை செய்யும் என் அக்கா வாங்கித் தந்தது. அதில் மூன்று மெய்நிகர் கணிப்பொறிகள். ஒன்று லினக்ஸ் பயிற்சிக்கு. மற்றொன்று செய்முறைப் பாடத்திற்கு. மூன்றாவதில் எங்கள் வீட்டுப் பட்டா, சாதிச் சான்றிதழ், எனக்குக் கிடைத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்கள் இருந்தன. ஒழுகும் வீட்டில் காகிதத்தை நம்பக்கூடாது என்பது அக்காவின் கட்சி.

சென்ற விடுமுறையில் சர்வரில் எதையெதையோ மாற்றிக் குழப்பிவிட்டேன். மீண்டும் நிறுவுவதே வழி என்று தோன்றியது. மெய்நிகர் கணிப்பொறிகளின் வட்டுக் கோப்புகள் இரண்டாவது ஹார்டு டிஸ்கில்தானே இருக்கின்றன, முதல் டிஸ்கை அழித்தால் என்ன என்று எண்ணினேன். நிறுவி முடித்துப் பார்த்தால் பட்டியல் வெறுமையாக இருந்தது. கோப்புகள் இருந்தன, கணிப்பொறிகள் இல்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் இதுதான். ஒவ்வொரு மெய்நிகர் கணிப்பொறிக்கும் வட்டுக் கோப்பு தவிர ஒரு சிறிய அமைப்புக் கோப்பும் உண்டு. நினைவகம் எவ்வளவு, எந்த வட்டு, எந்த வலையட்டை என்பன அதில் இருக்கும். பாத்திரம் பண்டமெல்லாம் வீட்டில் இருந்தும் குடும்ப அட்டை தொலைந்த நிலை என்னுடையது. இந்த அமைப்புக் கோப்புகள் ‘இ.டி.சி.’ அடைவிலுள்ள ‘பி.வி.இ.’ என்னும் உள்ளடைவில் தெரிகின்றன. ஆனால் அது உண்மையான அடைவு அன்று. முதல் டிஸ்கிலுள்ள ஒரு சிறு தரவுத்தளக் கோப்பையே சர்வர் அடைவுபோல் காட்டுகிறது. ஆகவே டிஸ்கைக் கழற்றி வேறு கணிப்பொறியில் மாட்டிப் பார்த்தால் அந்த அடைவு காலியாகத் தோன்றும். சர்வர் ஓடும்போதே அவற்றை நகலெடுக்க வேண்டும்.

மீட்டது எப்படி? பழைய எண்ணையே கொடுத்து, வட்டில்லாத புதிய மெய்நிகர் கணிப்பொறியை உண்டாக்கினேன். பிறகு ‘கியூ.எம். ரீஸ்கேன்’ என்ற கட்டளை அந்த எண்ணுக்குரிய பழைய வட்டைக் கண்டுபிடித்துக் காட்டியது. அதை இணைத்து, தொடக்க வரிசையிலும் சேர்த்தேன். இரண்டு எழுந்தன. மூன்றாவது மட்டும் எழவில்லை! அது யு.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவப்பட்டது; நானோ பழைய பயாஸ் முறையில் அமைத்திருந்தேன். மாற்றியதும் பட்டாவின் படம் திரையில் வந்தது.

பிராக்ஸ்மாக்ஸின் பேக்கப் வசதியை முன்பே பயன்படுத்தியிருந்தால் இத்தனை பாடு இல்லை. அது வட்டையும் அமைப்பையும் ஒரே கோப்பில் கட்டித் தருகிறது. ஆனால் ‘லோக்கல்’ என்னும் இடத்தில் வைத்தால் பயனில்லை. அதுவும் முதல் டிஸ்கில்தான் இருக்கிறது, நிறுவும்போது சேர்ந்தே அழியும். ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பும் நண்பர்களும் உளர். மூல வட்டு இருக்கும் டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போயிற்று. எனவே வெளி டிஸ்கில் எடுத்து, வேறு எண்ணில் மீட்டு, வலையிணைப்பைத் துண்டித்து இயக்கிப் பார்த்த பிறகே பழையதை அழிக்கலாம். நிறுவும்போது மற்ற டிஸ்குகளின் கம்பிகளைக் கழற்றிவிடுவது என் வழக்கமாகிவிட்டது. தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுக்க ஒரு நொடி போதும்.

என் வெளி டிஸ்க் இப்போது அக்காவின் விடுதிப் பெட்டியில் இருக்கிறது. பொங்கலுக்கு அவர் வரும்போது புதிய நகல் எடுக்க வேண்டும்.